உறை பிரிக்காத கரடிக்காசு

டிசம்பர் 27, சனி

நல்ல பனி. மலைக்கோட்டையே தெரியவில்லை.

செய்ய வேண்டியவை:
1. கேரளா முட்டை லோடு, இரண்டு லாரி.
2. பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவுவது (தெ. இட்ட வேலை).
3. எடை குறைப்பது.

முதலாவது முடிந்தது. இரண்டாவது பாதி. மூன்றாவது ஏழு வருடமாகப் பட்டியலில் இருக்கிறது, அதற்கு என்ன அவசரம்.

தெ. என்றால் தெய்வானை, என் மனைவி. முழுப்பெயரை எழுதினால் யாரோ கூப்பிட்டது போல வந்து நின்றுவிடுவாளோ என்று பயம். தை கடைசி முகூர்த்தத்தில் எங்கள் ஒரே மகள் நந்தினிக்குக் கல்யாணம். வீடு முழுக்கத் தாம்பாளம். உட்கார இடமில்லை.

சமையல்காரர் பந்திக் கணக்குப் பேச வந்தார். கண்ணாடி அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதென்னுங்க அது?"

"சீனாக் காசுங்க. ஒலிம்பிக்ஸுக்குப் போட்டது, பெருஞ்சுவருக்குப் போட்டது, எலி வருசம், மாட்டு வருசம், புலி வருசம்..."

"இங்க செல்லுமுங்களா?"

"சீனாவுலயே யாரும் செலவு பண்ண மாட்டாங்க. பெட்டியில வெச்சுப் பாக்கறதுக்குத்தான்."

"அப்ப இந்தப் பக்கம் இருக்கறது?"

"அது பதக்கம். அதுக்கு அந்த மதிப்புக்கூடக் கெடையாது."

அதன் பிறகு அவர் என்னோடு கணக்குப் பேசவில்லை. தெ.வைக் கூப்பிட்டுப் பேசினார். சரியான ஆள்.

மார்க்கெட்டில் எனக்குப் பெயர் சைனாக்காரர். முட்டை ஏஜென்ட் ஆகி இருபத்தாறு வருடம். முட்டைக்காரர் என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை.

சாயங்காலம் பள்ளிபாளையத்திலிருந்து பொன்னுசாமி மச்சான் போன். தெ.வின் அண்ணன். "நாளைக்கு வாங்க மாப்ள. ஒரு சமாச்சாரம்." குரலில் பாதிக்கு மேல் காற்று.

டிசம்பர் 28, ஞாயிறு

திருச்செங்கோடு வழியாகப் பள்ளிபாளையம். பஸ்ஸில் நின்றுகொண்டே. என் வயிற்றுக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்தது, முன்னால் இருந்தவர் தோளில்.

மச்சானுக்கு ஈரலில் கட்டி. ஈரோட்டில் டாக்டர், "ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, புடிச்சதைச் சாப்பிடக் குடுங்க" என்று அனுப்பி நாலு மாதம். பிடித்ததைக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவருக்குப் பிடித்தது குடல் குழம்பு. இறங்குவது கஞ்சி.

இருபத்து நாலு தறி ஓட்டிய மனிதர். இப்போது மகன் கார்த்தி ஓட்டுகிறான். அவர் மனைவி போய் ஐந்து வருடம் ஆகிறது. மச்சானைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டுவதெல்லாம் சரசம்மா. சம்பளத்துக்கு வந்தவள். மகள் இருந்தாலும் இப்படிப் பார்ப்பாளா, தெரியாது.

இந்தச் சீனாப் பைத்தியம் எனக்கு அவரிடமிருந்து ஒட்டியது. தறி மிஷின் கண்காட்சி பார்க்கச் சீனா போனவர், மிஷின் வாங்காமல் ஆட்டு வருசக் காசு ஒன்றோடு வந்தார். அன்று பிடித்தது. அதிலிருந்து இரண்டு பேருக்கும் போட்டி. அவர் மாடு வாங்கினால் நான் புலி வாங்குவேன். எங்கள் வீட்டுப் பெண்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

தலையணைக்கு அடியிலிருந்து தகர டப்பாவை எடுத்தார். அதற்குள் கரடிக்காசு. வெள்ளி பாண்டா, ஒரு அவுன்ஸ். ஒரு பக்கம் சொர்க்க ஆலயம், மறுபக்கம் மூங்கில் கடிக்கும் கரடி. சீனாவில் ஒட்டிய பிளாஸ்டிக் உறை பிரியாமல் அப்படியே. உறையைப் பிரித்தால் மதிப்புப் போச்சு. இது எங்கள் இருவருக்கும் வேதம்.

"நந்தினிக்கு மெட்டி நாந்தான போடோணும்?"

எங்கள் வீட்டு வழக்கம் அது. மணப்பெண்ணின் மெட்டி தாய்மாமன் சீர்.

"ஆமாங்க மச்சான்."

"கடையில எவன் வேணா வாங்கிக் குடுப்பான். என்ற கரடிய உருக்கி மெட்டி அடிக்கோணும். புள்ள நடக்கறப்பெல்லாம் இந்த மாமன் நெனப்பு வரோணும்."

"உறையப் பிரிக்கறதுங்களா? மதிப்புப் போயிருமுங்களே."

"நாம் போனதுக்கப்பறம் மதிப்ப எவன் பாக்கறான்? பொங்கல் கழிச்சு ஆசாரிய வரச் சொல்லியிருக்குது. எங்கண்ணு முன்னால பிரிச்சு, ஒரசிப் பாத்துட்டுத்தான் எடுத்துட்டுப் போகோணும்."

எனக்கு முதுகெல்லாம் வேர்வை.

"ஏனுங்ணா, ஃபேன் போடட்டுங்களா?" என்றாள் சரசம்மா. மார்கழி மாதம்.

டிசம்பர் 29

அந்தக் கரடி வெள்ளி இல்லை.

எழுதிவிட்டேன். எட்டு வருடமாக இந்த டைரியில்கூட எழுதாதது.

அவருடைய மணிவிழாவுக்கு நான் கொடுத்தது. என்னிடம் அதே வருடத்து அசல் ஒன்று இருந்தது. அதைப் பார்க்கும் போதெல்லாம் அவர் எச்சில் விழுங்குவார். நெட்டில் அதன் போலி ஒன்று கண்ணில் பட்டது. பித்தளை, மேலே வெள்ளிப் பூச்சு, உறையும் போலி. ஒரு தட்டு முட்டை விலைகூட இல்லை. கரடியின் ஒரு கண் சற்றுக் கீழே இறங்கி, கண்ணடிப்பது போல இருக்கும். வாங்கினேன். விளையாட்டுத்தான். சாப்பாட்டுப் பந்தியில் உடைத்துச் சொல்லிச் சிரிப்பதாகத் திட்டம். அசலையும் சட்டைப் பையில் கொண்டுபோயிருந்தேன், சிரித்து முடித்ததும் கொடுத்துவிடலாம் என்று.

பந்திக்கு முன்னால் மைக்கை வாங்கிவிட்டார் மச்சான். முந்நூறு பேருக்கு முன்னால் அதைத் தூக்கிக் காட்டி, "எனக்குக் கூடப் பொறந்தவன் இல்லீன்னு எவன் சொன்னது?" என்றார். அழுதார். தறிப்பட்டறையில் நூல் அறுந்தாலே கெட்ட வார்த்தையில் திட்டுகிறவர். நானும் அழுதேன். அப்புறம் எப்படிச் சொல்வது?

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். எட்டு வருடம்.

உறை பிரிக்கக் கூடாது என்கிற வேதம் என்னைக் காப்பாற்றியது. எடை போடவில்லை, உரசவில்லை. போட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஜனவரி 1

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்து. எனக்கு வயிற்றுப்போக்கு.

யோசித்ததில் ஒரே வழி. என் அசலைக் கொண்டுபோய் டப்பாவில் வைத்துவிட்டுப் போலியை எடுத்துவிடுவது. ஆசாரி பிரிப்பார், உரசுவார், வெள்ளி என்பார். மச்சான் சிரிப்பார். நான் மட்டும் என்னோடு இருந்துகொள்வேன். ஒரு அசலும் போகிறது, பாவமும் போகிறது. மலிவுதான்.

ஜனவரி 4, ஞாயிறு

முடிந்தது.

தெ.வும் வந்தாள். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கல்யாணக் கதையெல்லாம் சொன்னாள். பிறகு கார்த்தியோடு தறிப்பட்டறைப் பக்கம் போனாள். மச்சான் தூங்கினார். சரசம்மா கஞ்சி சுடவைக்கப் போனாள். குனிந்தேன். முழங்கால் 'மடக்' என்றது, எதிர்வீட்டுக்கே கேட்டிருக்கும். தலையணை, டப்பா, அசல் உள்ளே, போலி வேட்டி மடிப்பில். திருடனாகவும் தேற மாட்டேன்.

எழுந்து திரும்பினால் வாசலில் சரசம்மா, கையில் கிண்ணத்தோடு.

"தலகாணி நழுவுச்சுங்களா?"

"ஆமாங்க. நேரா வெச்சேன்."

வரும் வழியில் கரும்புச்சாறு குடித்தேன். மனசு லேசாக இருந்தது. போலியை ஆபீசில் தீவன சாம்பிள் டப்பாவுக்குள் போட்டாயிற்று.

ஜனவரி 6

கார்த்தி போன். "மாமா, ஒடனே வாங்க. அப்பாவோட கரடிக்காசை யாரோ மாத்திட்டாங்க."

போனேன். மச்சான் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். கண் மஞ்சள், அதில் கோபம். தினமும் கஞ்சி குடித்ததும் அதை எடுத்துப் பார்ப்பாராம். எனக்குத் தெரியாது. எட்டு வருடமாகத் தினமும்.

"பாருங்க மாப்ள. இது என்றது இல்ல. என்றவன் கண்ணச் சுருக்கிச் சிரிப்பான். இவன் மொறைக்கறான். மூஞ்சில உசிரே இல்ல. போலி. எவளோ போலிய வெச்சுட்டு நல்லத எடுத்துட்டா."

எவளோ.

சரசம்மா சுவரோரம் நின்றிருந்தாள். அவளுடைய துணிப்பை கட்டிலின் கால்மாட்டில் கவிழ்ந்து கிடந்தது. ஒரு சேலை, சீப்பு, மாத்திரை அட்டை, பஸ் டிக்கெட்டுகள்.

"மாமா, உங்களுக்குத்தான் தெரியும். பாத்துச் சொல்லுங்க" என்றான் கார்த்தி.

என் அசல் என் உள்ளங்கையில். எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். சரசம்மாவும்தான். அவள் பார்வையில் பயம் இல்லை. நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கை இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன். திருப்பினேன். கண்ணாடியைக் கழற்றினேன். போட்டேன்.

"சரியாத் தெரியலீங்க" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதுவே போதுமாக இருந்தது. சரசம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்துப் போட்டாள். பஸ் டிக்கெட்டுகளைக்கூட. மச்சானுடைய போர்வையைக் காலடியில் இழுத்துவிட்டாள். போய்விட்டாள்.

எனக்கு டீ கொடுத்தார்கள். குடித்தேன். இரண்டாவதும் கொடுத்தார்கள். குடித்தேன்.

ஜனவரி 8

முட்டை விலை ஏறியிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டும்.

போலியைத் திருப்பி வைத்துவிட்டால்? மச்சான் சிரிப்பார். பொங்கல் கழித்து ஆசாரி உரசுவார். வைக்காவிட்டால் சரசம்மா திருடி. இரண்டு பக்கமும் நானே வெட்டிய குழி.

தெ. ராத்திரிச் சாப்பாட்டில்: "அந்தம்மா மொகத்தப் பாத்தா அப்படித் தெரியலியேங்க." நான் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன்.

புதிதாக ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்களாம். மச்சான் அவள் ஊட்டினால் வாயே திறப்பதில்லையாம். முதுகில் புண்.

ஜனவரி 10, சனி

சரசம்மா வீட்டைத் தேடிப் போனேன். ஆற்றுப் பக்கம் லைன் வீடு. வாசலில் தறிக்குத் தார் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நூல் தூசியில் புருவம் வெள்ளை. என்னைப் பார்த்ததும் எழுந்து சேரைத் துடைத்துப் போட்டாள்.

நின்றபடியே சொன்னேன். மணிவிழா, போலி, தலையணை, எல்லாம். வழக்கமாக என் கதைக்கு நானே இடையிடையே சிரிப்பேன். இன்று வரவில்லை.

ராட்டினம் தானாகச் சுற்றி நின்றது.

"அன்னிக்கு தலகாணி நழுவல. இல்லீங்களாண்ணா?"

"இல்லீங்க."

"நாலு மாசம் அந்த வாயில சோறூட்டியிருக்கறனுங்க. என்ற பையக் கொட்டுன்னு அந்த வாயி சொல்லுச்சு."

"மன்னிச்சுக்குங்க சரசம்மா."

"எங்கிட்டச் சொல்லி என்ன பண்றதுங்க? அங்க போயிச் சொல்லுங்க." பிறகு, நான் செருப்பு மாட்டும்போது: "முதுகுப் புண்ணுக்கு மொதல்ல தண்ணி வெச்சுத் தொடச்சு, காயவிட்டு, அப்பறந்தான் மருந்து போடோணும். அந்தப் புள்ளகிட்டச் சொல்லிருங்க. இல்லீன்னா உரிஞ்சிரும்."

ஜனவரி 11, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையிலேயே போனேன், தனியாக. புதுப்பெண்ணை வெளியே அனுப்பினேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தீவன நாற்றம் அடிக்கும் போலியை அவர் கையில் வைத்தேன்.

முகம் மலர்ந்தது. ஐயோ, அந்த முகம். "கெடச்சிருச்சா! எங்கிருந்துங்க மாப்ள?"

சொன்னேன். ஆரம்பத்திலிருந்து. மைக் பேச்சு வரைக்கும் சொல்லி அங்கே தடுக்கியது. அப்புறம் மீதியும்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன பேருங்க?"

"என்னதுங்க மச்சான்?"

"என்னையப் பாத்துச் சிரிச்சது எத்தன பேரு?"

"யாருமில்லீங்க. யாருக்கும் தெரியாது. உங்க தங்கச்சிக்கே தெரியாதுங்க. நான் மட்டுந்தான். அதுவும் மொத நாள் காலையில மட்டும்."

தறிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் அது எப்போதும் இருக்கும். இன்றுதான் காதில் விழுந்தது.

"ஈரோட்டுல, திருப்பூர்ல, எவன் வந்தாலும் எடுத்துக் காட்டுனன். டாக்டர்கிட்டக்கூடக் காட்டுனன்." மூச்சு வாங்கினார். "அந்தப் பொம்பளயத் திருடின்னு சொல்லிப்போட்டனே மாப்ள."

"நான் போய் எல்லாஞ் சொல்லிட்டனுங்க."

"நீங்க சொன்னது உங்குளுது. நாஞ் சொன்னது என்றது. சரசைக் கூட்டியாரச் சொல்லுங்க."

அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பினார். திரும்ப அவரால் முடியாது. நான்தான் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன், எனக்கு முதுகு காட்டுவதற்கு. புண் தெரிந்தது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. நீங்க கெளம்புங்க."

மரியாதையில் ஒரு எழுத்துக் குறையவில்லை. குறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

வாசலில் கார்த்தியிடமும் சொன்னேன். கையை ஓங்குவான் என்று நினைத்தேன். "அத்தைக்குத் தெரியுங்களா மாமா?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் தறிப்பட்டறைக்குள் போனான்.

ஜனவரி 15, பொங்கல்

மூன்று பேரும் பள்ளிபாளையம். சரசம்மா திரும்பி வந்திருக்கிறாள். எப்படி வந்தாள், அவர் என்ன சொன்னார், யாரும் சொல்லவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. அவள் ஊட்டுகிறாள், அவர் வாயைத் திறக்கிறார். நாலு கரண்டி பொங்கல்.

நான் உள்ளே போனதும் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே வந்ததும் பேச்சுக் குரல் கேட்டது. பரிசோதனைக்காக இரண்டு தடவை போய் வந்தேன். இரண்டு தடவையும் அப்படியே.

நந்தினியைக் கட்டில் மேல் காலை வைக்கச் சொன்னாராம். அவள் கூச்சத்தில், "மாமா, உங்க மேல கால் படுமுங்க" என்றிருக்கிறாள். "படட்டும் சாமி" என்றாராம். சரசம்மா விரலுக்கு நூல் வைத்து அளவு எடுத்தாள். நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

அசல் அவரிடம்தான் இருக்கிறது. அதைத்தான் உருக்குவார். உரசினாலும் வெள்ளி, எடை போட்டாலும் வெள்ளி. பேசாவிட்டால் போகிறது, என் காசு அவர் சீராகப் போய்ச் சேரும். பஸ்ஸில் இதையே சொல்லிச் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார். வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன் போல.

ஜனவரி 19, திங்கள்

மூட்டம். மதியம் வரை வெயில் இல்லை. லோடு ஏறவில்லை, லாரிக்கு டயர் பஞ்சர்.

மூன்று மணிக்குச் சரசம்மா வந்தாள். பஸ்ஸில், தனியாக, அதே துணிப்பை. தெ. அவசரமாகத் தண்ணீர் கொண்டுவந்தாள், "அண்ணனுக்கு ஒண்ணுமில்லியே?" என்று.

"அப்படியேதானுங்க இருக்கறாரு. இதக் குடுத்துட்டு வரச் சொன்னாரு."

இரண்டு பொட்டலம். ஒன்று எனக்கு. என் அசல், உறை பிரிக்காமல். "'அவுருத அவுருகிட்டயே குடுத்துரு'ன்னாருங்க."

"மெட்டிக்குங்க?" என்றேன்.

மற்றதைத் தெ.வின் கையில் கொடுத்தாள். மஞ்சள் துணி. தெ. முடிச்சை அவிழ்த்தாள். வெள்ளி அரைஞாண் கொடி. பழையது, தேய்ந்து, இடுப்பு வளைவு மாறாமல் வட்டமாகவே கிடந்தது. மச்சானுடையது. ஆற்றில் குளிக்கும்போது நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கம் ஆண்பிள்ளை இடுப்பிலிருந்து அதைக் கழற்றுவது ஒரே ஒரு நாள்தான். அதுவும் அவனுக்குத் தெரியாமல்.

"நான் மாட்டேன்னனுங்க" என்றாள் சரசம்மா. "உசுரோட இருக்கற மனுசன் இடுப்புல இருந்து எப்படிங்க எடுக்கறது? கார்த்தி தம்பியும் மாட்டேன்னு வெளிய போயிட்டாரு. அழுகறாரு. 'எங்கலியாணத்துக்கு எங்கப்பன் கட்டிவிட்டது, சரசு. இது வெள்ளின்னு எனக்குத் தெரியும், எடு'ன்னாரு. கொக்கி இறுகிப்போச்சு. சித்த நேரமாச்சுங்க."

தெ. நின்றபடியே கொடியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள், தாம்பாளங்களுக்கு நடுவில்.

சரசம்மா இருக்க மாட்டேன் என்றாள். இருட்டுவதற்குள் போய்ப் புண்ணுக்கு மருந்து வைக்க வேண்டுமாம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். பஸ் நகரும்போது, "ஊட்டுல அக்காகிட்டச் சொல்லிருங்கண்ணா" என்றாள்.

திரும்பி வந்து முக்கால் மணி நேரம் ஆகிறது. ஆபீஸ் கணக்குப் பார்ப்பது போல இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தெய்வானை கூடத்திலிருந்து கேட்கிறாள்:

"ஏனுங்க, எங்கண்ணன் எதுக்குங்க இதக் கழட்டுச்சு? அந்தக் கரடிக்காசு என்னாச்சு?"

மூன்றாவது தடவை.